அம்மா துக்கம் கேட்கப் போன வீடு

எங்கள் அம்மா துக்க வீட்டுக்கு வந்துவிட்டார் என்பது தெருமுனையிலேயே தெரிந்துவிடும். வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே குரலெடுத்து விடுவார். உயிரோடு இருக்கிறவர்களிடம் அவருக்குப் பெரிய தயவு தாட்சண்யம் கிடையாது. எங்கள் அப்பாவில் தொடங்கித் தோட்டத்து சூப்பர்வைசர் வரை எல்லாரும் அவர் வாயில் விழுந்து எழுந்தவர்கள்தான். இறந்தவர் என்றால் மட்டும் பேச்சு வேறு. பெயரைச் சொல்லி அழைத்து, அவர் செய்த நல்லதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லி, கல்நெஞ்சக்காரரும் கரையும்படி அழுவார். நிக்கோபார் தீவுகளில் ஒன்றான கட்சாலின் ரப்பர் தோட்டத்தில் தமிழர், தெலுங்கர், ராஞ்சிக்காரர் என்று யார் வீட்டில் சாவு விழுந்தாலும் அம்மாவைக் கூப்பிட ஆள் வந்துவிடும்.

அப்படிப்பட்ட அம்மா ஒரே ஒரு வீட்டில் துக்கம் கேட்கப் போய், தலைகுனிந்து திரும்பி வந்தார். அவரது முதலாம் ஆண்டு நினைவு நாளில் உங்கள் கைக்கு வரும் இந்த மலரில், மகளாகிய நான் சொல்ல விரும்புவது முக்கியமாக அந்த வீட்டைப் பற்றித்தான். மற்றதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

தெரியாத இளையவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். அம்மா பிறந்தது இலங்கை மலைநாட்டில், ஹட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில். பள்ளிக்கூடம் போனது மூன்று வருடம். பதினாறு வயதில், நீங்கள் இந்தியாக்காரர்கள் என்று சொல்லிக் குடும்பத்தோடு அனுப்பி வைத்தார்கள். மண்டபம் முகாமில் வந்து இறங்கினால், இங்கே எல்லாரும் சிலோன்காரர்கள் என்றார்கள். சென்னையிலிருந்து கப்பலேறிக் கட்சால் வந்து சேர்ந்தபோது, அவர்களுக்குத் தோட்டத்து ஆட்கள் என்று இன்னொரு பெயர் காத்திருந்தது. அம்மா அதைச் சொல்லிச் சிரிப்பார். "போற எடத்துல எல்லாம் எங்கேருந்து வந்தேன்னுதான் கேட்டானுங்க. சாப்பிட்டியா புள்ளன்னு ஒருத்தன் கேக்கல."

அப்படிக் கேட்ட முதல் ஆள் எஸ்தர் பெரியம்மா. கடற்கரை கிராமத்து நிக்கோபாரிப் பெண், அம்மாவைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். வந்த புதிதில் விறகு பொறுக்கப் போன அம்மா காட்டில் வழிதவறி, அவர்கள் கிராமத்தில் போய் நின்று அழுதிருக்கிறார். ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியவில்லை. எஸ்தர் பெரியம்மா இளநீர் வெட்டிக் கொடுத்து, வேகவைத்த தாழம்பழக் களியைச் சாப்பிட வைத்து, லயம்வரை கொண்டுவந்து விட்டுப் போனார். அன்று தொடங்கிய பழக்கம். அம்மா பேசிய இந்தி முழுவதும் எஸ்தர் பெரியம்மாவிடம் கற்றது. பள்ளிக்கூடத்து இந்தி டீச்சர் அதைக் கேட்டுத் தலையில் கைவைத்துக்கொள்வார். அந்த இந்தியை வைத்துக்கொண்டுதான் அம்மா முப்பது வருடம் அவரை அக்கா என்ற பொருளில் தீதி, தீதி என்று கூப்பிட்டு, சண்டை போட்டு, சமாதானமாகி வாழ்ந்தார்.

நானும் எஸ்தர் பெரியம்மாவின் மூத்த மகளும் ஒரே வகுப்பு. எனக்குச் சடங்கு சுற்றியபோது அம்மா அவளுக்கும் ஒரு பாவாடை தாவணி கட்டிவிட்டு, என் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுக்கச் சொன்னார். எங்கள் இருவருக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

பிறகு சுனாமி வந்தது. நான் போர்ட் பிளேயரில் ஆசிரியப் பயிற்சி படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்த ஞாயிற்றுக்கிழமை அது. எங்கள் லயங்கள் மேட்டில் இருந்தன, நாங்கள் பிழைத்தோம். கடற்கரைக் கிராமங்கள் பிழைக்கவில்லை. மேலே ஓடிவந்தவர்களுக்கெல்லாம் அம்மா அண்டாவில் கஞ்சி காய்ச்சி ஊற்றிக்கொண்டே, வருகிற ஒவ்வொரு முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் எஸ்தர் பெரியம்மா தன் மகனோடு வந்தார். கணவரும் மூத்த மகளும் வரவில்லை. கடைசிவரை உடல்கூடக் கிடைக்கவில்லை.

அந்தச் சமயத்தில் யாருக்கும் அழ நேரமில்லை. முகாம், கப்பல், பதிவு என்று மாதங்கள் ஓடின. எஸ்தர் பெரியம்மாவின் ஆட்களுக்கு மேட்டில் தகர ஷெல்டர்கள் போட்டுக் கொடுத்தார்கள். முறைப்படி துக்கம் கேட்கவில்லையே என்று அம்மாவின் மனசு அடித்துக்கொண்டே இருந்தது. என்னிடமிருந்த சடங்குப் படத்தை வாங்கிப் போர்ட் பிளேயருக்குக் கொடுத்தனுப்பி, எஸ்தர் பெரியம்மாவின் மகளை மட்டும் பெரிதாக்கிக் கண்ணாடிச் சட்டம் போட்டுவரச் செய்தார். தன் கையாலேயே பூமாலை கட்டி, நான்கு மூலையிலும் சந்தனம் குங்குமம் வைத்து, சிறிய காமாட்சி விளக்கு ஒன்றையும் எடுத்துக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். அந்த வீட்டில் கடல் ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை, பிள்ளை முகமாவது இருக்கட்டும் என்றுதான் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஷெல்டர் வாசலிலேயே அம்மா வழக்கம்போலக் குரலெடுத்தார். அவள் பெயரைச் சொல்லி, "என் ராசாத்தி, என் தங்கம், என்ன விட்டுட்டு எங்க போன" என்று மார்பில் அடித்துக்கொண்டு உள்ளே போனார். உள்ளே நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் சேர்ந்து அழவில்லை. ஒரு பெரியவர் எழுந்து வெளியே போய்விட்டார். அம்மா படத்தை எஸ்தர் பெரியம்மாவின் மடியில் வைத்து, மறுபடியும் பெயரைச் சொன்னார். எஸ்தர் பெரியம்மாவின் அன்றைய முகம் எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. படத்தைக் கவிழ்த்து அம்மாவின் பக்கம் தள்ளினார்.

"லே ஜாவ். உஸ்கா நாம் மத் போலோ."

எடுத்துக்கொண்டு போ, அவள் பெயரைச் சொல்லாதே என்று அதற்கு அர்த்தம். அவ்வளவுதான் பேச்சு. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

திரும்பும் வழியெல்லாம் அம்மா பொரிந்து தள்ளினார். "பத்து மாசம் சொமந்த புள்ள. பேரு கூட வேணாமாம் இவளுக்கு. என்னா நெஞ்சுடி இது?" எனக்கும் ஆத்திரம்தான். பின்னாலேயே எஸ்தர் பெரியம்மாவின் மகன் ஓடி வந்தார். மூச்சு வாங்க நின்று, அம்மாவைச் சித்தி முறையில் மௌசி என்று கூப்பிட்டு, தமிழும் இந்தியும் கலந்து சொன்னார். "மௌசி, கோபப்படாதிங்க. எங்க வீட்டுல செத்தவங்க பேரு சொல்ல மாட்டோம். அவங்க சாமான் எதையும் வச்சுக்க மாட்டோம். கூப்பிட்டா அவங்களால போக முடியாது. இங்கேயே சுத்திட்டு இருப்பாங்க." கரையில் ஒதுங்கிக் கிடைத்த தன் அப்பாவின் ஈட்டியை எஸ்தர் பெரியம்மாவே கையால் முறித்துப் போட்டார் என்றும் சொன்னார். நிக்கோபாரி வீடுகள் எல்லாவற்றிலும் இன்று இப்படி இருக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். அந்த வீட்டில் அப்படித்தான் இருந்தது. முப்பது வருடம் அந்த வீட்டில் சாப்பிட்டும் எங்களுக்கு அது தெரிந்திருக்கவில்லை.

அம்மா வழியிலேயே உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தபடியே சொன்னார். "நம்ம போகாத போகாதன்னு கூப்பிட்டு அழுவுறோம். அவங்க நல்லபடியா போகட்டும்னு வாய மூடிக்கிட்டு கெடக்குறாங்க. ரெண்டும் பாசந்தான். நான்தான் போயி அந்தப் புள்ளய வழிமறிச்சிட்டேன்."

மன்னிப்புக் கேட்கலாம் என்றால், எதற்கு மன்னிப்பு என்று சொல்ல வேண்டும். சொன்னால் அதையே மறுபடி கிளறுவதாகும். அம்மா வேறு வழி பிடித்தார். விடிவதற்கு முன் நெற்றியில் ஹெட்லைட் கட்டிக்கொண்டு ரப்பர் மரங்களில் பட்டை சீவப் போவார். பால் எடுத்து ஊற்றிக் கணக்கு ஒப்படைக்க மதியமாகிவிடும். அதன்பின் ஒரு மணி நேரம் நடந்து எஸ்தர் பெரியம்மாவின் ஷெல்டருக்குப் போய் வாசலில் உட்காருவார். எஸ்தர் பெரியம்மா ஒரு வார்த்தை பேச மாட்டார். சாயங்காலம் அம்மா திரும்பி வந்துவிடுவார். தோட்டத்தில் எல்லாரும் கேலி செய்தார்கள். அப்பாவே, "ஒனக்கு ரோசம் இல்லையா?" என்று கேட்டார். "ரோசத்த வச்சிக்கிட்டு என்னா பண்ண? மூஞ்சத் திருப்பிக்கிட்டவள நான் பாத்துக்கிறேன். நீங்க சோத்த வடிங்க" என்று அம்மா பதில் சொன்னார். அப்பா சோறு வடிக்கப் பழகியது அந்த மழைக்காலத்தில்தான்.

என்னிடமும் ஒரு நாள் சொன்னார். "அந்தப் படத்த நீ வச்சிக்க. அவ ஒன் சிநேகிதி, ஒனக்கு உரிமை இருக்கு. ஆனா அவ அம்மா கண்ணுல படக்கூடாது, காதுல விழக்கூடாது." சிநேகிதியின் பெயரைச் சொல்லி அழக்கூட எனக்கு உரிமை இல்லையா என்று நான் சண்டை போட்டேன். "நம்ம வூட்டுக்குள்ள அழு. யாரு வேணாம்னா? அவ முன்னாடி அவ மாதிரி இரு" என்றார். இன்றுவரை அதற்கு மேல் தெளிவாக இந்த விஷயத்தை எனக்கு யாரும் சொன்னதில்லை. நான் இருபது வருடமாகப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறேன். பல பாஷை, பல சாமி கும்பிடுகிற பிள்ளைகள். ஒற்றுமை என்று போர்டில் எழுதும்போதெல்லாம் எனக்கு அந்த ஷெல்டர் வாசல்தான் ஞாபகம் வரும்.

எத்தனை வாரம் என்று எண்ணவில்லை. மழை விட்டதும் அவர்கள் புதிதாகத் தென்னங்கன்று வைக்க ஆரம்பித்தார்கள். பழைய தோப்பு முழுவதும் கடலோடு போயிருந்தது. அம்மா வழக்கம்போல வாசலில் உட்கார்ந்திருக்க, எஸ்தர் பெரியம்மா ஒரு மண்வெட்டியைக் கொண்டுவந்து அவர் முன்னால் போட்டார். அம்மா எழுந்து குழி வெட்டினார். அன்றைக்கு மட்டும் பதினொரு குழி. வீட்டுக்கு வந்ததும் கையைக் காட்டினார், கொப்புளம். சந்தோஷத்தில் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அதன்பின் எங்கள் ஆட்கள் பலர் கட்சாலை விட்டுப் போனார்கள். அம்மாவை நகர்த்த முடியவில்லை. "ரெண்டு தடவ அடுத்தவன் சொல்லிக் கெளம்பினேன். இனி என்னோட காலு சொன்னாத்தான் கெளம்புவேன்" என்றார். அப்பா காலமாகி, தோட்டத்து வேலையிலிருந்து ஓய்வும் பெற்று, சிறுநீரகம் பழுதான பிறகுதான் போர்ட் பிளேயர் டாலிகஞ்சில் என் வீட்டுக்கு வந்தார். சிகிச்சைக்கு வாரத்தில் இரண்டு நாள் ஆஸ்பத்திரி. படுக்கையில் இருந்தபடியே பக்கத்துக் கட்டில் பெங்காலி அம்மாவிடம், பிள்ளைகள் பார்க்க வரவில்லையே என்று சண்டை போட்டு, அந்தப் பிள்ளைகளையே வரவழைத்தவர் அவர்.

இறப்பதற்குப் பத்து நாள் முன்னால் என்னையும் தம்பியையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். "தீதி எனக்குத் துக்கம் கேக்க வருவா. அவ வர்ற அன்னிக்குச் செவத்துல என் படம் இருக்கக் கூடாது. என் பேரச் சொல்லி ஒப்பாரி வைக்கக் கூடாது. அவ இந்த வூட்டுல நிம்மதியா ஒக்காந்துட்டுப் போகணும்." இதைத் தவிர வேறு ஆசை எதையும் அவர் சொல்லவில்லை.

அம்மா மறைந்த பதினாறாம் நாள் காரியத்துக்குக் கோத்தகிரியிலிருந்து மாமா, அம்மாவின் ஒரே தம்பி, பெரிய படம் ஒன்றைச் சட்டம் போட்டு விமானத்தில் கொண்டுவந்திருந்தார். மாலையோடு கூடத்தில் மாட்டியும் விட்டார். நான் அதை இறக்கினேன். மாமாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"பெத்த தாய்க்குப் படம் வைக்காம கருமாதியா? ஊரு என்னா சொல்லும்?"

"ஊருன்னா யாரு மாமா? அம்மாவுக்கு ஊரு கட்சால். அங்கேருந்து ரெண்டு நாள் கப்பல்ல ஒருத்தர் வந்துட்டு இருக்காங்க."

"எவளோ ஒருத்திக்காகக் கூடப்பொறந்தவன் நான் அழக்கூடாதா?"

"அழுங்க மாமா. பேரு மட்டும் வேணாம்."

மாமா கொல்லைப்புறம் போய் உட்கார்ந்துகொண்டு காப்பிகூடக் குடிக்கவில்லை. தம்பி என்னைப் பார்த்தான். சொந்தத்தைப் பகைத்துக்கொள்கிறோமோ என்று எனக்கும் பயம்தான். ஆனால் விடுவதாக இல்லை. விளக்கும் செம்பும் மட்டும் வைத்துச் சடங்கைத் தொடங்கினோம்.

தெற்கே கேம்பல் பே வரை போய்த் திரும்பும் வழியில் கட்சாலைத் தொடும் கப்பலில் எஸ்தர் பெரியம்மா வந்தார். கூட அவர் மகனும், மகனின் ஆறு வயதுப் பெண்ணும். எஸ்தர் பெரியம்மா கூடத்தைச் சுற்றி ஒருமுறை பார்த்தார். சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்தார். அழவில்லை. என்னை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். அந்தச் சின்னப் பெண் வாசலிலேயே கூச்சப்பட்டு நின்றாள். அவள் பிறந்தபோது எஸ்தர் பெரியம்மா அவளுக்கு எங்கள் அம்மாவின் பெயரையே வைத்திருந்தார். நிக்கோபாரிக் குழந்தைக்குச் சுத்தமான தமிழ்ப் பெயர். பழக்கதோஷத்தில் நான் அந்தப் பெயரைச் சொல்லி, உள்ளே வாம்மா என்று கூப்பிட்டுவிட்டேன்.

எஸ்தர் பெரியம்மாவின் உள்ளங்கை என் வாயை மூடியது.

"அப் இஸ்கா நாம் தூஸ்ரா ஹை" என்றார். இப்போது இவள் பெயர் வேறு. போனில் செய்தி வந்த அன்றைக்கே பெயரை மாற்றிவிட்டார்களாம். பள்ளிக்கூடத்துப் பதிவேட்டில் மாற்றவும் எழுதிக் கொடுத்தாயிற்று என்று அவர் மகன் சொன்னார். ஏன் என்று தெரிந்தும் நான் கேட்டேன். எஸ்தர் பெரியம்மா என்னைத் திட்டுவது போலப் பார்த்தார்.

"ஹமாரா ஆத்மி மர் கயா."

நம்ம ஆள் செத்துப் போயிட்டா.

அதற்கப்புறம் நான் அழுததை வந்திருந்தவர்கள் பார்த்தீர்கள். ஏன் அழுதேன் என்று பலருக்கு அன்று தெரியாது; தங்கள் வீட்டுச் சாவுக்குச் செய்வதை அவர்கள் எங்கள் அம்மாவுக்கும் செய்திருந்தார்கள். மாமா வந்து, அந்த அம்மா என்ன சொல்கிறார் என்று கேட்டார். சொன்னேன். பிறகு எஸ்தர் பெரியம்மாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, சத்தம் வராமல் அழுதார். இந்த மலரின் அட்டையில் படமும் பெயரும் வேண்டாம் என்று நான் சொன்னபோது அவர் மறுக்கவில்லை. கட்சாலுக்கு எத்தனை பிரதி அனுப்பப் போகிறாய் என்றுதான் கேட்டார்.

அம்மாவைக் கடைசிவரை முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட ஆஸ்பத்திரி நர்சுகளுக்கும், இறுதி நாளில் கேட்காமலே நாற்காலியும் தண்ணீரும் கொண்டுவந்து இறக்கிய டாலிகஞ்ச் பெங்காலிக் கடைக்காரருக்கும், மூன்று நாள் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாமல் பார்த்துக்கொண்ட மலையாளிப் பக்கத்து வீட்டாருக்கும், மெயின்லேண்டிலிருந்து செலவைப் பாராமல் வந்த உறவுகளுக்கும், கோபத்தை விழுங்கிக்கொண்ட மாமாவுக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். எஸ்தர் பெரியம்மாவுக்கு நன்றி சொன்னால் திட்டுவார், ஆகையால் சொல்லவில்லை.

ஆனால் ஆறு வயது வரை தன்னுடையதாக வைத்திருந்த பெயரை எங்கள் அம்மாவோடு அனுப்பிவைத்துவிட்டு, புதுப்பெயருக்குத் திரும்பிப் பார்க்க இன்னும் பழகிக்கொண்டிருக்கும் அந்தக் குழந்தைக்கு, அம்மாவின் பிள்ளைகளாகிய எங்கள் இருவரின் நன்றி.