சிலிண்டர் போட வந்த மாப்பிள்ளை

எங்கள் காரில் ஏறிக் கண்ணாடியை ஏற்றினால் சமையலறை வாடை அடிக்கும், அழுகிய வெங்காயத்தை நினைவூட்டும் அந்த கேஸ் வாடை பள்ளிச் சீருடையில் ஏறி, வகுப்பு முடியும் வரைக்கும் என்னோடு உட்கார்ந்திருக்கும். பெட்ரோலுக்குக் கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை என்று, இண்டூரில் தக்காளியும் மரவள்ளியும் போட்டுக்கொண்டிருந்த என் அப்பா, பழைய இரும்புக் கடையில் கிடைத்த சாமான்களை வைத்துத் தன் கையாலேயே அந்த ஆம்னியைச் சமையல் கேஸில் ஓடும்படி மாற்றியிருந்தார். குழாய் இணைப்புகளில் சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றி, அதன்மேல் சோப்புத் தண்ணீரைத் தடவிப் பார்த்து, "நொரை வரல, அப்பறம் என்ன பயம்?" என்று கேட்பதோடு அவருடைய சோதனையெல்லாம் முடிந்துவிடும்.

வீட்டுக்கு இருந்ததோ ஒரே சிலிண்டர். கார் கிளம்பினால் அடுப்பு அணைந்துவிடும், அம்மா புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு விறகை ஊதுவாள். ஹாரன் சத்தம் கேட்டால் டீக்கடையில் இருப்பவர்கள், "மூணு விசில் வந்துடுச்சு, எறக்குங்க" என்பார்கள். பள்ளியில் எனக்கு "குக்கர்" என்றே பெயர். அப்பாவுக்கு இதெல்லாம் உறைக்காது, அவரும் சேர்ந்து சிரிப்பார். நான்தான் காரை ஊருக்கு வெளியிலேயே நிறுத்தச் சொல்லி இறங்கி, தலையைக் குனிந்துகொண்டு நடந்து போவேன்.

கோமதி அக்காவைப் பெண் பார்க்கப் பாப்பாரப்பட்டியிலிருந்து வருவதாகச் சொன்னபோது, "நம்ம கார்லயே கூட்டியாறேன்" என்று அப்பா பெருமையாகக் கிளம்பிப் போனார். வரும் வழியில் ஏரிக்கரை மேட்டில் கார் நின்றுவிட்டது. கேஸ் தீர்ந்துகொண்டிருந்தது. வீட்டில் அடுப்பு எரியாதபோது செய்வதைத்தான் அவர் அங்கேயும் செய்தார், பின்சீட்டைத் திரும்பிப் பார்த்து, "மாப்ள, அதக் கொஞ்சம் ஆட்டிக்கிட்டே வாங்க" என்றார்.

வெள்ளைச் சட்டை போட்டு வந்த மாப்பிள்ளை சிலிண்டரைக் கட்டிப்பிடித்து ஆட்டிக்கொண்டே எங்கள் வாசலில் வந்து இறங்கினார், நெஞ்செல்லாம் துருக்கறை. வந்தவர்களை உட்காரச் சொல்வதற்கு முன்னால் அப்பா சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு ஓடினார், ஏனென்றால் ஈர விறகோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அம்மா இன்னும் ஒரு பஜ்ஜிகூடச் சுட்டிருக்கவில்லை. பாதி பஜ்ஜி வேகும்போதே அடுப்பும் அணைந்தது.

"எங்க பையன் பொண்ணு பாக்க வந்தானா, சிலிண்டர் போட வந்தானாங்க?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டாள். வேறு இடம் பார்த்துக்கொள்வதாகத் தரகரிடம் சொல்லியனுப்பிவிட்டார்கள். "ஒருக்கா நேர்ல போயி மன்னிப்புக் கேட்டுட்டு வாங்க" என்று அம்மா கெஞ்சினாள். "சிலிண்டரத் தொட்டா கொறஞ்சா போயிட்டான்?" என்று அப்பா போக மறுத்துவிட்டார். ஆனால் கல்யாண வீடுகளில் அந்தக் கதையைத் தாமே எடுத்து விட்டு, தலையணையை மாப்பிள்ளை போலக் கட்டிப்பிடித்து ஆட்டியும் காட்டுவார். காரைப் பார்த்துக் கூசிய நானும் அதற்கு விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன். அக்கா அப்போதெல்லாம் எழுந்து உள்ளே போய்விடுவாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டோம்.

எஞ்சின் வால்வு கருகிக் கார் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. அக்காவும் ஓசூருக்குக் கல்யாணமாகிப் போய்ப் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். போன ஆடிக்கு எல்லோரும் கூடியிருந்தபோது பேரப்பிள்ளைகள் கேட்க, அப்பா மறுபடியும் அந்தக் கதையைத் தொடங்கினார். அக்காவின் வீட்டுக்காரர் கடைக்குப் போயிருந்தார். சோறு போட்டுக்கொண்டிருந்த அக்கா கரண்டியை வைத்துவிட்டுச் சொன்னாள்:

"கறையத் தொடைக்க நான்தாம்ப்பா தண்ணி கொண்டுபோயிக் குடுத்தேன். என்னப் பாத்து அவரு சிரிச்சாரு. கேலியா இல்ல. எனக்குப் புடிச்சிருந்துச்சு. யாரும் என்னக் கேக்கல."

பிறகு குனிந்து பிள்ளைகளுக்குக் குழம்பு ஊற்றினாள். எனக்குத் தலை நிமிரவில்லை. அத்தனை வருடமும் அவள் எழுந்து போனதைப் பார்த்துக்கொண்டேதான் சிரித்திருக்கிறோம்.

இப்போது எங்கள் வீட்டில் அந்தக் கதையை யாரும் சொல்வதில்லை. போன வாரம் நானும் அப்பாவும் மட்டும் இருந்தபோது, "அந்தப் பையன் இப்ப எங்க இருக்கறான்னு தெரியுமா?" என்று மெதுவாகக் கேட்டார். தெரியாது என்றேன். "அவங்கம்மா இருந்தாக்கூடப் போதும், போயிப் பாத்துட்டு வந்துருவேன்" என்றார்.