தீக்குச்சி வைத்து ஆடிய போக்கர்

புதுத் துறைமுகம் வந்த பிறகு என் வீட்டுக்காரருக்கு அங்கே மூட்டை இறக்கும் வேலை. ஒரு கப்பல்காரனிடம் போக்கர் என்ற சீட்டாட்டம் கற்றுக்கொண்டு வந்து எனக்கும் சொல்லிக்கொடுத்தார். ஆளுக்கு ஐந்து சீட்டு. கையில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் பந்தயத்தை ஏற்றி மிரட்டலாம். பயந்தவன் சீட்டைக் கவிழ்த்துப் பந்தயத்தை விட்டுவிட வேண்டும். பயப்படாதவன் இருந்தால்தான் இருவரும் சீட்டைக் காட்டுவார்கள்.

ஒருநாள் திரேஸ்புரத்தில் கூட்டாளியின் கைக்கடிகாரத்தை ஜெயித்து வந்தார். மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

“மாதா கோயில்ல சாமியார் ஏசினாராக்கும்?” என்று கேட்டேன்.

“அவருக்கு என்ன தெரியும்? சூதுன்னா அதிர்ஷ்டம்னு நெனைக்காரு. அதிர்ஷ்டம்னா எனக்கும் அவனுக்கும் சமம்லா? ஏளா, அவன் மூஞ்சியப் பாத்தாலே கையில என்ன இருக்குன்னு எனக்குத் தெரியுது. தெரிஞ்சிக்கிட்டே எடுத்தா அது களவுதான்.”

“அப்ப எங்கிட்ட மட்டும் களவாங்கலாமோ?”

“உங்கிட்ட தீக்குச்சிதான எடுக்கேன்!”

அதன்பின் என்னோடு மட்டும்தான் ஆடினார். பூசை முடிந்து வந்ததும் ஞாயிறு மத்தியானம் பாயை விரிப்போம். தீக்குச்சிதான் பந்தயம். எப்போதும் நான்தான் தோற்பேன்.

“அடுப்பு பத்தவைக்க எங்கிட்டதான் வரணும், பாத்துக்க” என்று சிரிப்பார்.

கல்யாணமாகி மூன்றாம் வருடம் ஈரல் கெட்டுப் படுத்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இனி ஒன்றும் செய்வதற்கில்லை, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்றார். குழாயில் முகம் கழுவிவிட்டு உள்ளே போனேன்.

“டாக்டர் என்ன சொல்லுதாரு?”

“வீட்டுக்குப் போலாமாம். நல்லாயிட்டாம்.”

என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “சீட்டை எடு” என்றார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்த பையிலும் சீட்டும் தீக்குச்சியும் இருந்தன.

எனக்கு ஒரு ஜோடிகூட விழவில்லை. இருந்த குச்சிகளையெல்லாம் கட்டிலில் தள்ளிவிட்டு, முகத்தை அசைக்காமல் உட்கார்ந்திருந்தேன். அவர் தன் சீட்டுகளைக் கவிழ்த்தார்.

“நீயே வச்சிக்க. நல்லா ஆடப் படிச்சிட்டியே. போயி ஒரு வாய் சாப்பிட்டுட்டு வா.”

கண்ணை மூடிக்கொண்டார். சீட்டுகளை அள்ளும்போது அவருடையதைப் பார்த்தேன். மூன்று ராஜா. அந்தக் கையோடு யாரும் கவிழ்க்க மாட்டார்கள். என் கையில் ஒன்றுமில்லை என்பதும், வராந்தாவில் டாக்டர் சொன்னதும், எல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

“சரி, சாப்பிட்டு வாரேன்” என்று எழுந்து போனேன்.

அவர் கவிழ்த்திருக்கக் கூடாது. காட்டு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் காட்டியிருப்பேன். அந்த ஒரு மத்தியானமாவது இரண்டு பேரும் சேர்ந்து அழுதிருக்கலாம்.