மூணு டிக் சத்தம்

எயார் ரைபிள் ரிப்பேர் பண்றவனுக்கு முதல் எதிரி உள்ள இருக்கிற ஸ்பிரிங். ரெண்டாவது எதிரி, அதை வீட்டுலயே ஒரு தடவை கழட்டிப் பார்த்துட்டு, மிச்சத்தை ஷாப்பிங் பேக்குல போட்டுக்கிட்டு வர்ற ஆளு.

வீட்டு வராந்தாவுல சாமானை இறுக்கிப் பிடிக்க ஒரு வைஸைப் பூட்டிக்கிட்டு ஊரார் சாமானைத் திருத்துற என் கூட்டாளிகளுக்கு இதை விளக்கத் தேவையில்ல. நீங்க மோட்டார் திருத்துவீங்க, ரேடியோ திருத்துவீங்க, மருந்தடிக்கிற மெசின் திருத்துவீங்க. எல்லாருக்கும் ஒரே தலையெழுத்து தான். "தொட்டதும் சரியாயிருச்சே, இதுக்கா ரெண்டு நாள்?"னு கேக்காம எவனும் நம்ம வராந்தாவை விட்டு எறங்கினதில்ல.

நான் ருவான்வெல்லைப் பக்கம் ஒரு றப்பர் தோட்டத்து ஃபெக்டரியில ஃபிட்டரா இருந்தவன். ஃபெக்டரியை மூடினப்புறம் லயத்துல, தோட்டத்து வரிசை வீட்டுல உக்காந்தே இந்த வேலை. குரங்குத் தொல்லை கூடக்கூட இந்த எயார் ரைபிள் துவக்கும் கூடிப்போச்சு. லைசன் கடுதாசி சரியா இருக்கிற துவக்கை மட்டும் தான் தொடுவேன். பசார்க்காரங்க என்னை 'பாஸ்'னு கூப்பிடுவாங்க. சிங்களத்துல கைவேலைக்காரன் எல்லாருமே பாஸ் தான். தோட்டத்து ஆளுங்களுக்கு நான் அண்ணன்.

நான் முக்கியமா சொல்ல வந்தது தெய்வானையோட வலது கைப் பெருவிரலைப் பத்தி. எங்க லயத்துலயே நாலு காம்பரா, அதாவது நாலு அறை வீடு தள்ளி இருக்கிற பிள்ளை, றப்பர் பால் வெட்டுறவ. அந்தக் கை மறுபடி கத்தி பிடிக்குமா பிடிக்காதாங்கிறது தான் போன வருசம் பூரா என் நெஞ்சுல கெடந்த பாரம். ஏன்னா அந்த விரல் போனது என்னால.

எண்ணெய் ஊத்தினவர்

பசார்ல கடை வச்சிருக்கிற ஹனீபா நானாவுக்கு ஊருக்கு வெளியில கொஞ்சம் தென்னங்காணி. குரும்பையைப் பிச்சுப் போடுற குரங்குக்காக ஒரு துவக்கு வச்சிருந்தாரு. மூணு மாசத்துல ரெண்டு தடவை ஸ்பிரிங் ஒடைஞ்சு வந்துச்சு. ரெண்டாவது தடவை கழட்டினா, உள்ள இருந்து குசினியில சமைக்கிற வாசம் வருது. மனுசன் குழலுக்குள்ள தேங்காய் எண்ணெய் ஊத்தியிருக்காரு! நாலு சொட்டு விட்டுச் சுட்டா, காத்து அமுங்குற சூட்டுல எண்ணெய் பத்திக்கிட்டு 'டமார்'னு வெடிச்சுப் புகை வரும். பார்க்க ஜோரா தான் இருக்கும். ஆனா அந்த வெடி பின்னாடி திரும்பி ஸ்பிரிங்கைத் தான் அடிக்கும்.

"நானா, இது துவக்கு, வடை பொரிக்கிற சட்டி இல்ல"ன்னு கத்தினேன். அவரு கொஞ்சமும் அசரல. மூணு துண்டா கெடந்த ஸ்பிரிங்கை விரலால புரட்டிப் பார்த்துட்டுச் சொன்னாரு:

"சத்தம் இல்லாட்டி அது என்ன துவக்கு, பாஸ்?"

நம்ம றப்பர்

துவக்குக்கு உள்ள காத்தைத் தள்ளுற பிஸ்டன் தலையில ஒரு தோல் வாசர் இருக்கும். அது தேஞ்சா துவக்குக்கு மூச்சு வாங்கும். குணபால, ரெண்டு ஏக்கர் சொந்த றப்பர் வச்சிருக்கிற சிங்கள ஆளு, என்கிட்ட வராம தன் வீட்டுப் புகைக்கூட்டுல காயப்போட்டிருந்த றப்பர் சீட்டை வட்டமா வெட்டி வாசரா போட்டுட்டாரு. முதல் நாள் பிரமாதமா சுட்டுச்சாம். றப்பருக்கு எண்ணெய் ஆகாதுன்னு றப்பர்லயே பொறந்து வளர்ந்த மனுசனுக்கு யாரு சொல்றது? எண்ணெயைக் குடிச்சு ஊதி, பிஸ்டனோட சேர்ந்து குழாய்க்குள்ள இறுகிப்போச்சு. அதைச் சுரண்டி எடுக்க எனக்கு ஒரு பகல் முழுக்க ஆச்சு, முழங்கை தோலும் உரிஞ்சுச்சு. எடுத்ததைக் கையில குடுத்தேன். தோசைமாவு மாதிரி பொங்கியிருந்ததைத் தடவிப் பார்த்துட்டு, தமிழும் சிங்களமுமா சொன்னாரு:

"அபே றப்பர் நே, பாஸ்! நம்ம றப்பர் நம்மளைக் கைவிடுமா?"

சத்தம் வேணாம்

தெய்வானையோட புருசன் சந்திரன் கொழும்புல கட்டட வேலை. மாசத்துக்கு ரெண்டு தடவை வருவான். லயத்துக்குப் பின்னால அவங்களுக்கு ஒரு துண்டு தோட்டம். மரவள்ளி, வாழை, பயித்தங்காய். அதைக் காவல் காக்கிறது தெய்வானை தான். அவகிட்ட இருந்த துவக்கு பக்கத்துல லீவர் வச்சது. லீவரை இழுத்தா உள்ள காத்தை அமுக்குற அறை பின்னால போகும், குழல் வாய் திறக்கும், பெருவிரலால குண்டை உள்ள தள்ளணும். அப்புறம் லீவரை மூடிச் சுடணும்.

ஒரு லீவு நாள் சந்திரன் அதைத் தூக்கிக்கிட்டு வந்தான். "அண்ணே, லீவரை இழுத்தா டிக், டிக், டிக்னு மூணு சத்தம் வருது. பாழாப்போன குரங்கு அதைப் படிச்சு வச்சிருக்கு. மூணாவது டிக்குக்கு ஒண்ணுகூட மரத்துல இல்ல. நான் வாங்கிப்போட்ட குண்டெல்லாம் டப்பாவோட அப்படியே கெடக்கு. ஒண்ணையாச்சும் அடிச்சாத் தானே பயம் வரும்? இந்தச் சத்தத்தை இல்லாமப் பண்ணுங்க"ன்னான்.

அந்தச் சத்தம் எங்க இருந்து வருதுன்னு எனக்குத் தெரியும். நகம் அளவு ஒரு இரும்பு நாக்கு. லீவர் பின்னால போகப்போக மூணு பல்லுல மாறி மாறி விழும். ஸ்பிரிங்கை இழுத்துப் பிடிச்சிருக்கிற ட்ரிகர் கொக்கி வழுக்கினாலும், இந்த நாக்கு அறையை முன்னால பாயவிடாமப் பிடிச்சு நிறுத்தும். விரலைக் காப்பாத்துறதுக்குன்னே வச்ச சாமான் அது. தெரிஞ்சு தான் கழட்டினேன். கொக்கி இருக்கே, அது போதும்னு நெனச்சேன். அந்தக் கொக்கி எவ்வளவு தேஞ்சிருக்குன்னு திறந்து பார்க்கல. கேட்டதைச் செஞ்சு காட்டணும்ங்கிற திமிர் தான், வேறென்ன. பத்து நிமிசத்துல வேலை முடிஞ்சது. சந்திரன் துவக்கைக் காதோரம் வச்சு லீவரை இழுத்துப் பார்த்தான். முகம் பூரா சிரிப்பு.

"எனக்கே கேக்கல அண்ணே, குரங்குக்கு எங்க கேக்கப்போவுது?"

வெள்ளிக்கிழமை பகல்

நாலாம் நாள், வெள்ளிக்கிழமை. தெய்வானை தனக்கு ஒதுக்கின றப்பர் மலையில பால் வெட்டி முடிச்சு, நிறுத்துக் குடுத்துட்டு வந்திருக்கா. வாழையில குரங்கு. லீவரை இழுத்தா, சத்தமில்ல, குரங்கு அசையல. புருசன் சொன்னாரேன்னு குண்டை எடுத்து வச்சுத் தள்ளியிருக்கா. கொக்கி வழுக்கிருச்சு. அறை முன்னால பாய்ஞ்சு, பெருவிரல் மேல்கணுவை நகத்தோட எடுத்துருச்சு.

கத்துற சத்தம் கேட்டு நான் ஓடினேன். கத்தினது அவ இல்ல, பக்கத்துக் காம்பராக்காரி. தெய்வானை வாழை மரத்தடியில உக்காந்து, பாவாடையால கையைச் சுத்திப் பிடிச்சுக்கிட்டு இருந்தா. த்ரீவீல்ல ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். பால் வெட்டுறவளுக்குப் பெருவிரல் என்னன்னு தோட்டத்துக்காரங்களுக்குத் தெரியும். பட்டையைத் தாள் கனத்துக்குச் சீவணும். கொஞ்சம் ஆழமாப் போனா மரத்துக்குக் காயம். காயம் விட்டா மேற்பார்வை பார்க்கிற கணக்கப்பிள்ளை கத்தியைப் பிடுங்கிப் புல்லு வெட்ட விட்டுருவாரு. அந்த வேலையும் ஒரு நாளைக்கு இருக்கும், ஒரு நாளைக்கு இருக்காது. வீட்டுல இருந்து தோட்ட வேலைக்கு ஆள் போகாட்டி, குடியிருக்கிற காம்பராவுக்கும் கேள்வி வரும். வழியில அவ கேட்டது இது ஒண்ணு தான்:

"அண்ணே, கட்டுப் போட்டுட்டா திங்கக்கெழம கத்தி பிடிக்கலாமா?"

தகர டப்பா

தோட்டத்துல எல்லாரும் கேட்டாங்க. கணக்கப்பிள்ளையும் கேட்டாரு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பழைய சாமான் சார், கொக்கி தேஞ்சிருந்துச்சு"ன்னேன். பொய் இல்லைன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். கொக்கி தேஞ்சிருந்தது உண்மை தானே? தலையை ஆட்டி ஆட்டி, "இந்த மாதிரி துவக்கே வாங்கக் கூடாது"ன்னு புத்திமதி வேற. தூ, வெக்கங்கெட்ட ஜென்மம்.

என் வீட்டுக்காரி சரோஜா ரெண்டு நாள் இதையெல்லாம் கேட்டுக்கிட்டிருந்தா. மூணாம் நாள் சோத்தை வச்சுட்டு, என் எதிர்ல உக்காந்தா. கழட்டின ஆணி, ஒடைஞ்ச சாமான் எல்லாம் போட்டு வைக்கிற என் பிஸ்கட் டப்பாவை எட்டி எடுத்து, சோத்துத் தட்டுக்குப் பக்கத்துல வச்சா.

"அந்த நாக்கு இதுக்குள்ள தானே கெடக்கு?"

நாலு காம்பரா தள்ளி

கையைக் கழுவிட்டு அப்பவே போனேன். நாலு காம்பரா தூரம் தான், ரெண்டு தடவை பாதியில நின்னேன். சந்திரனும் சேதி கேட்டு வந்திருந்தான். தெய்வானை கட்டுப் போட்ட கையை நெஞ்சுக்கு நேரா தூக்கி வச்சிருந்தா. நாக்கை உள்ளங்கையில வச்சுக் காட்டி, இது என்ன, எதுக்கு இருந்தது, இது இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும், எல்லாத்தையும் சொன்னேன்.

சந்திரன் தலையில அடிச்சுக்கிட்டு அழுதான். "நான் தானே அண்ணே கழட்டச் சொன்னேன், உங்க மேல என்ன தப்பு?"ன்னான். அவன் அப்படிச் சொன்னதும், சத்தியமா சொல்றேன், எனக்குக் கொஞ்சம் ஆறுதலா இருந்துச்சு. அந்த ஆறுதல் ஒரு நிமிசம் கூட நிக்கல. தெய்வானை கோவமே இல்லாம, என் முகத்தைப் பார்த்துக் கேட்டா:

"அவருக்குத் தெரியாது, கேட்டாரு. உங்களுக்குத் தெரியுமே அண்ணே, நீங்க ஏன் செஞ்சீங்க?"

மரவள்ளிக் குச்சி

அதுக்கப்புறமும் அதே வேலை கேட்டு ஆள் வந்துக்கிட்டே இருந்தாங்க. எஹலியகொடயில இருந்து கூட ஒருத்தரு வந்தாரு. எல்லாருக்கும் ஒரே பதில், முடியாது. எஹலியகொடக்காரரு விடல. "டிக் டிக் இருந்தா துவக்கு எதுக்கு?"ன்னு நின்னாரு. நானும் பொறுமையா, அவரோட துவக்குலயே லீவரை இழுத்து, விரல் வைக்கிற இடத்துல ஒரு பச்சை மரவள்ளிக் குச்சியை வச்சு, நாக்கைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு ட்ரிகரைத் தட்டினேன். குச்சி ரெண்டா தெறிச்சு ஒரு துண்டு அவரு கால்ல விழுந்துச்சு. குனிஞ்சு எடுத்து, வெட்டுப்பட்ட இடத்தை உத்துப் பார்த்தாரு. புரிஞ்சிருச்சுன்னு நெனச்சேன்.

"இது குச்சி தானே, பாஸ்?"

கிழட்டு மரம்

கட்டுப் பிரிச்சப்புறம் தெய்வானை விரல் பாதியா, மழமழன்னு இருந்துச்சு. கத்தி கையில நிக்கல, வழுக்குச்சு. நான் பெரிய மனசு பண்ற மாதிரி மூணு விதமா கைப்பிடி செஞ்சு கொண்டு போனேன். மூணையும் பிடிச்சுப் பார்த்துட்டு, "கனம் அண்ணே"ன்னு திருப்பிக் குடுத்துட்டா. பழைய சைக்கிள் டியூப்பைக் கீறி, தன் கத்திக்குத் தானே சுத்திக்கிட்டா. கணக்கப்பிள்ளை அவளுக்கு ஒரு வாய்ப்புக் குடுத்தாரு. அடுத்த வருசம் தறிக்கப்போற கிழட்டு மரங்கள்ல வெட்டிப் பழகட்டும்னாரு. அங்க காயம் பட்டாலும் நட்டமில்ல.

முதல் வாரம் அந்த மரங்களைப் போய்ப் பார்த்தேன். பட்டை பூரா காயம். அவ முகத்தை நிமிந்து பார்க்க முடியாம வந்துட்டேன். அடுத்த மாசம் குறைஞ்சுச்சு. அதுக்கடுத்த மாசம் ஒரு காலையில நானும் அங்க நின்னேன். கணக்கப்பிள்ளை மரம் மரமா போய், பட்டையை விரலால தடவி, சிரட்டையில பால் சொட்டுறதைப் பார்த்து, கடைசி மரத்துக்கிட்ட நின்னாரு. தெய்வானை கத்தியை முதுகுக்குப் பின்னால பிடிச்சிருந்தா. அவரு வேலைக்குப் பேர் பதியிற செக்ரோலைத் திறந்துக்கிட்டே சொன்னாரு:

"நாளைக்கு உன் பழைய மலைக்கே போ."

நான் அந்த மரத்தைப் பிடிச்சுக்கிட்டு அழுதேன். யாரு பார்த்தா என்ன?

லீவர் இழுத்த சத்தம்

அடுத்த ஞாயித்துக்கெழம தெய்வானை அந்தத் துவக்கைத் தோள்ல போட்டுக்கிட்டு என் வராந்தாவுக்கு வந்தா. "நாக்கை மாட்டிக் குடுங்கண்ணே, கொக்கியையும் புதுசாப் போடுங்க"ன்னா. "இதை இன்னும் வச்சிருக்கணுமா பிள்ளை?"ன்னு கேட்டேன். மரவள்ளியை யாரு பார்த்துக்குவா, நீங்களான்னு திருப்பிக் கேட்டா. அன்னிக்கு வேற எந்த வேலையும் பார்க்கல. கொக்கியை அராவி, பொருத்தி, முப்பது தடவை இழுத்துப் பார்த்து, அவ கையில குடுத்தேன்.

அவ அந்தப் பாதி விரல் கையாலயே லீவரை இழுத்தா. டிக், டிக், டிக். வாசல்ல இருந்த கோழி தலையைத் தூக்கிச்சு. "இந்தச் சத்தத்துக்குக் குரங்கு ஓடிப்போயிருமே, சந்திரன் மறுபடி சத்தம் போடமாட்டானா?"ன்னு கேட்டேன். அவ என்னை ஒரு மாதிரி பார்த்தா. சின்னப் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி, ரொம்ப மெதுவா சொன்னா:

"அது ஓடத்தானே அண்ணே துவக்கே வச்சிருக்கேன்? முந்தியும் நான் குண்டே போட்டதில்ல. லீவரை இழுப்பேன், மூணு சத்தம் கேக்கும், ஓடிரும்."

ஒரு குறையும் இல்லாம வேலை செஞ்சுக்கிட்டிருந்த துவக்கைத் தான், ரெண்டு ஆம்பளைங்க கூடி உக்காந்து, அன்னிக்கு நாங்க ரிப்பேர் பண்ணியிருக்கோம்.