சாமியார் ஏன் பேசவில்லை?

எங்கள் மாதா கோயில் பங்குச் சாமியாரைப் பேச வைக்க யாரும் மெனக்கெட வேண்டியதில்லை. நிறுத்துவதற்குத்தான் ஆள் வேண்டும். பூசை முடிந்து கோயில் வாசலில் பிடித்துக்கொண்டார் என்றால் வீட்டில் இட்லி ஆறிவிடும், சட்னியும் தண்ணீராகிவிடும்.

அப்பேர்ப்பட்ட மனிதர் போன வியாழக்கிழமை என் மோட்டார் பைக்கில் உட்கார்ந்து, கள்ளக்குறிச்சியிலிருந்து கரியாலூர் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. நடுரோட்டில் புளியமரத்தை வெட்டிப் போட்டுவிட்டு ஒரு பெருங்கூட்டம் எங்களைச் சுற்றி நின்று, "யாருய்யா நீ?" என்று கேட்டபோதும் பேசவில்லை.

இருங்கள்... முதலிலிருந்து சொல்கிறேன்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடக்கிற நேரம். எங்கள் பக்கம் எந்த ரோட்டிலும் பஸ் இல்லை. திரும்பிய பக்கமெல்லாம் மரம் சாய்ந்து கிடக்கிறது. கோரிக்கை நியாயமா இல்லையா என்பதை இங்கே பேசப் போவதில்லை. டீக்கடையில் பேசிப் பேசி இரண்டு நண்பர்களை ஏற்கெனவே இழந்துவிட்டேன், வாசகர்களையும் இழக்க எனக்குத் தெம்பு இல்லை.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். வீட்டில் சும்மா உட்கார்ந்து நான் புலம்பிய புலம்பல் இருக்கிறதே... பேப்பர் வரவில்லை, பால் வரவில்லை, நான் வரி கட்டுகிறவன், நான் போகிற ரோட்டை மறிக்க இவர்கள் யார் — எல்லாமே நான், நான், நான்தான். அந்த நேரத்தில்தான் லூர்து மேரி வந்து நின்றாள்.

லூர்து மேரி அரிசி மில் களத்தில் நெல் காயவைக்கிறவள். அவள் கணவன் அந்தோணி, கைக்குழந்தையோடு அவளை விட்டுவிட்டு மலைக்குப் போன ஆசாமி. சண்டை, பஞ்சாயத்து ஒன்றும் கிடையாது. "நான் சுதந்திரமா இருக்கணும்" என்று சொல்லிவிட்டு, கட்டிய வேட்டியோடு போய்விட்டான். கரியாலூர்ப் பக்கம் ஒரு குடிசை போட்டுக்கொண்டு, பலாப்பழ வியாபாரம் செய்துகொண்டு, எவனையும் மதிக்காமல், கோயில் பக்கமே எட்டிப்பார்க்காமல் இருந்தான். அந்தக் கைக்குழந்தைக்கு இப்போது மீசை முளைத்துவிட்டது.

"சார், வண்டியில பெட்ரோல் இருக்கா?" என்றாள்.

"எதுக்கு?"

"அந்த ஆளு சாவக் கெடக்கறாராம். பக்கத்துக் கொல்லைக்காரரு மலையிலேர்ந்து நடந்தே வந்து சொல்லிட்டுப் போனாரு. சாமிய இட்டுக்கினு போவணும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவனுக்கா? வாழ்நாள் பூராவும் தன் சுகத்தை மட்டும் பார்த்துக்கொண்டவனுக்கு, கடைசி நிமிஷத்தில் சாமியார் வந்து எல்லாவற்றையும் துடைத்துவிட வேண்டுமா? அப்படியென்றால் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற நான் என்ன ஏமாளியா?

"அவன் சாமியாரைக் கேட்டானா?" என்றேன்.

"கேக்கல. அந்த ஆளுக்குக் கேக்கத் தெரியாது. வண்டிய எடுங்க சார், கோவத்த வந்து படலாம்."

வண்டியை எடுத்தேன். வேறு என்ன செய்வது?

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். சாகப்போகிறவருக்குச் சாமியார் நற்கருணை, அதாவது ஆண்டவரின் உடலாகிவிட்ட அப்பம், எடுத்துக்கொண்டு போவார். எங்கள் ஜனங்கள் அதை 'நன்மை' என்பார்கள். ஒரு சின்னச் சிமிழில் வைத்து, பையில் போட்டு, கழுத்தில் மாட்டி நெஞ்சோடு பிடித்துக்கொள்வார். ஆண்டவரையே கையில் கொண்டுபோவதால் வழியில் யாரோடும் பேசக்கூடாது. அந்தக் காலத்தில் முன்னால் ஒருவர் மணியடித்துக்கொண்டு போவாராம், ஜனங்கள் ஒதுங்கி முழங்கால் போடுவார்களாம். இளம் சாமியார்கள் இதையெல்லாம் பெரிதாகப் பார்ப்பதில்லை. எங்கள் சாமியார் பழைய காலத்து மனிதர்.

"நற்கருணைப் பேழையைத் திறந்தப்புறம் நான் வாயைத் திறக்க மாட்டேன்" என்று எனக்குச் சொல்லிவிட்டார். "யார் எது கேட்டாலும் நீதான் பதில் சொல்லணும்."

ஆக, அன்றைக்குச் சாமியாருக்கு வாய் நான். ஆண்டவர் சில சமயம் ஆள் தெரியாமல் வேலை கொடுத்துவிடுகிறார்.

முன்னால் நான், நடுவில் வெள்ளை அங்கியோடு சாமியார், பின்னால் லூர்து. கச்சிராயபாளையம் ரோட்டில் வெட்டவெளியில் பறந்தோம். கொஞ்ச தூரம்தான்... புளியமரம் ரோட்டை அடைத்துக்கொண்டு கிடந்தது. கூட்டம் எழுந்து வந்தது.

"தள்ளுங்க, அவசரம்" என்றேன்.

தலையில் துண்டு கட்டியிருந்த ஒருவர் சிரித்தார். முருகேசன் என்று பிறகு தெரிந்தது. "எல்லாருக்கும் அவசரந்தான் சார். நாங்களும் ரொம்ப வருஷமா அவசரத்துலதான் நின்னுக்கினு இருக்கோம்."

அவர் சாமியார் பக்கம் திரும்பினார்.

"எங்க சாமி போறீங்க?"

சாமியார் நெஞ்சில் வைத்த கையை எடுக்கவில்லை. ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களத்தான் கேக்கறேன். எங்களாண்ட பேசுனா கொறஞ்சி பூடுவீங்களா?"

மௌனம். கூட்டத்தில் முணுமுணுப்பு ஏறியது. ஒருவன் என் வண்டிச் சாவியை உருவிக்கொண்டான். நிலைமையைச் சமாளிக்கிறேன் என்று ஒரு வாக்கியம் சொன்னேன் பாருங்கள், இன்று நினைத்தாலும் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

"அவர் கண்டவங்ககிட்ட எல்லாம் பேச மாட்டார்."

தங்கள் உரிமைக்காக வெயிலில் உட்கார்ந்திருப்பவர்களிடம் சொல்ல வேண்டிய வாக்கியமா அது? நான்கு பேர் ஒரே சமயத்தில் என் சட்டையை நோக்கி வந்தார்கள்.

லூர்து இறங்கினாள்.

"தம்பி, அவரு சொல்றத வுடு. சாமி கையில நன்மை இருக்குது. எங்க சாமியத்தான் எடுத்துக்கினு வர்றாரு. அத வெச்சிக்கினு பேசக்கூடாது, அதான் முறை. எங்க வூட்டுக்காரரு மேல சாவக் கெடக்கறாரு. உசுரு இருக்கசொல்லோ போயாவணும்."

முருகேசன் முகம் கொஞ்சம் தணிந்தது. "யாருக்கா உங்க வூட்டுக்காரரு?"

"பலாப்பழ அந்தோணி."

தணிந்த முகம் மறுபடி இறுகியது.

"அந்த ஆளா? சந்தையில அத்தினி பேரு முன்னாடி என்னச் செருப்பால அடிச்ச ஆளுக்கா அவன். உன்னையும் அம்போன்னு வுட்டுட்டுப் போனவன்தானே? அவனுக்கு இன்னாத்துக்குக்கா சாமி?"

நான் திகைத்துப்போனேன். என் மனதில் ஓடியதை வார்த்தை மாறாமல் ஒருவர் நடுரோட்டில் சொல்கிறார். என் மனதுக்குள் இருந்தபோது அது எவ்வளவு நியாயமாக இருந்தது! வெளியே கேட்கும்போது ஏன் இவ்வளவு அசிங்கமாக இருக்கிறது?

லூர்து குரலை உயர்த்தவில்லை.

"உன்ன அடிச்சது தப்பு தம்பி. அதுக்கு நான் ஒண்ணும் சொல்ல முடியாது. ஆனா அந்த ஆளு ஜாஸ்தியா கெடுத்தது என்னத்தான். நானே கேக்கறேன். வழி வுடு."

முருகேசன் அவளையே பார்த்தார். பிறகு தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"சாவியக் குட்றா" என்றார். "வண்டியத் தூக்குங்க."

என் வண்டியை யாரும் தொடக்கூடாது என்பது ஊரறிந்த சட்டம். துடைக்கும் துணியைக்கூடத் தனியாக வைத்திருக்கிறேன். அது நான்கு பேர் தோளில் ஏறி, கிளையில் இடித்து, மட்கார்டு நசுங்கி அந்தப் பக்கம் இறங்கியது. நான் கவனிக்கவே இல்லை. எல்லோரும் சாமியாரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு கையை நெஞ்சில் வைத்து, ஒரு கையை மரத்தில் ஊன்றி ஏறினார். கால் வழுக்கியது. சட்டென்று முருகேசன் அவர் முழங்கையைத் தாங்கிக்கொண்டார்.

"அணைக்கட்டாண்டயும் நம்ம ஆளுங்க நிக்கறாங்க. நீங்க சொன்னா வுட மாட்டாங்க, நானே வரேன்" என்று சைக்கிளை எடுத்தார்.

அப்புறம் நடந்ததை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். முன்னால் முருகேசன் சைக்கிளில் மணியடித்துக்கொண்டே போகிறார். "ஓரம் போ... சாமி நன்மை எடுத்துக்கினு வராரு, ஓரம் போ..." பின்னால் மெதுவாக என் வண்டி. ரோட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து ஒதுங்கினார்கள். சிலர் கும்பிட்டார்கள், சிலர் செருப்பைக் கழற்றினார்கள். அவர்களில் ஒருவருக்கும் அந்தப் பழைய வழக்கம் தெரியாது. முருகேசனுக்குச் சுத்தமாகத் தெரியாது.

அணைக்கட்டைத் தாண்டிவிட்டோம், மலையும் ஏறிவிட்டோம். மறியல் முடிந்தது என்று நினைத்தேன். எங்கே முடிந்தது? கடைசி மறியல் அந்தோணியின் குடிசையில் இருந்தது.

உயிர் இருந்தது. நினைவும் இருந்தது. கூடவே அந்தப் பழைய திமிரும் இருந்தது. வெள்ளை அங்கியைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தான்.

"நான் யாரையும் கூப்புடலயே. யாரக் கேட்டு வந்தீங்க?"

இவ்வளவு தூரம் வந்தது இதற்கா? சாமியார் பிரசங்கத்தில் அடிக்கடி சொல்வார் — கடவுள் யாரையும் கட்டாயப்படுத்த மாட்டார், வேண்டாம் என்று சொல்கிற சுதந்திரத்தையும் அவர்தான் கொடுத்திருக்கிறார் என்று. கேட்கும்போது கொட்டாவி விட்டிருக்கிறேன். அந்தக் குடிசையில் அது எனக்குப் பயமாக இருந்தது. புளியமரத்தைத் தாண்டலாம். இவன் வேண்டாம் என்றால் என்ன செய்ய முடியும்?

கேட்க ஆளில்லாமல் இருப்பதுதான் சுதந்திரம் என்று வாழ்ந்தவன். இப்போது தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவும் வீட்டில் ஆளில்லை. அந்தச் சுதந்திரமும் இந்தத் தனிமையும் ஒரே பாயில்தான் படுத்திருந்தன.

லூர்து பேசாமல் போய் அவன் தலையைத் தூக்கித் தண்ணீர் கொடுத்தாள். குடித்தான்.

"ரோட்டுல மறியலாமே... எப்டி வந்தீங்க?"

"வழி வுட்டாங்க."

"எனக்குன்னு சொல்லியா வுட்டாங்க? யாரு?"

"முருகேசன். சந்தையில செருப்பால அடிச்சியே, அந்தத் தம்பி. மணியடிச்சிக்கினு கூடவே வந்து மலையடிவாரம் வரைக்கும் வுட்டுட்டுப் போச்சி."

அந்தோணி அவளைப் பார்த்தான். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். முதுகு குலுங்கியது.

பிறகு சொன்னான். "நீங்கல்லாம் கொஞ்சம் வெளிய இருங்க. சாமி மட்டும் இருக்கட்டும்."

நான் வெளியே வந்து நின்று அழுதேன். ஏன் மறைக்க வேண்டும்? அவனுக்காகவா, எனக்காகவா என்று மட்டும் கேட்காதீர்கள். லூர்து அழவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வாசலில் சிதறிக் கிடந்த விறகை எடுத்து அடுக்கினாள். விட்டுப்போனவன்தான் சுதந்திரமானவன் என்று இத்தனை வருஷம் ஊரே நினைத்துக்கொண்டிருந்தது. தன் மனக்கசப்புக்குக்கூடக் கட்டுப்படாமல் வந்து நிற்கிற இவளை யாரும் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனம் முடிந்தது, எண்ணெய் பூசுதல் முடிந்தது, அந்தோணி நன்மை வாங்கினான். சிமிழ் காலியானது. அவ்வளவுதான், சாமியாரின் வாய் திறந்துகொண்டது. மலைக் குளிர், பலா விலை, என் வண்டியின் ஷாக் அப்சார்பர்... புளியமரம் வரை மூச்சு விடவில்லை.

முருகேசன் அங்கேயே உட்கார்ந்திருந்தார். எழுந்து வந்தார்.

"நேரத்துக்குப் போனீங்களாக்கா?"

"போயிட்டோம் தம்பி. பாவசங்கீர்த்தனம் பண்ணிக்கினாரு, நன்மையும் வாங்கிக்கினாரு."

கொஞ்சம் தயங்கினார். சாமியாரிடம் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். "சாமி... என்னப் பத்தி எதனா சொன்னானா?"

சாமியாரின் வாய் பட்டென்று மூடிக்கொண்டது. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் கழுத்தில் கத்தி வைத்தாலும் சொல்லக்கூடாது. மறுபடி அதே முகம், அதே மௌனம். சரி, இன்னொரு சண்டை என்று நான் பதறினேன். ஆனால் இந்தத் தடவை வாயைத் திறக்கவில்லை — அந்த அளவுக்கு எனக்கும் புத்தி வந்திருந்தது.

முருகேசன் சாமியார் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகத் தலையாட்டினார்.

"செரி சாமி. இதுக்கும் பேச மாட்டீங்க. புரிஞ்சிச்சி."

குனிந்து என் வண்டியின் முன்சக்கரத்தைப் பிடித்தார். "தூக்குங்க" என்றார்.

இதை எழுதும்வரை அந்தோணி சாகவில்லை. எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறானாம். லூர்துவிடம் சொன்னேன். "பொழைச்சா பொழைக்கட்டும் சார், நான் மேல போவ மாட்டேன். களத்துல நெல்லு காயுது" என்றாள்.

அன்றைக்கு அந்த ரோட்டில் எல்லோரும் உரிமை கேட்டுக்கொண்டிருந்தோம்... வழி கிடைத்ததென்னவோ, எந்த உரிமையும் மிச்சமில்லாமல் மலை மேலே படுத்திருந்தவனுக்குத்தான்.