முதல் ஐந்து நிமிடத்தில் சாகிற அம்மா

சினிமா யூனிட்டில் எல்லோரும் அவளைக் ‘கடைசி மூச்சு’ என்றுதான் கூப்பிடுவார்கள். கதாநாயகனுக்கு அம்மாவாக நடிப்பவள். படம் முழுக்க இருமி, மகனுக்குச் சோறு போட்டு, கிளைமாக்ஸில்தான் உயிரை விடுவாள். அதையும் லேசில் விடமாட்டாள். ஒரு படத்தில் அவள் கண்ணை மூடி முடிப்பதற்குள் தியேட்டரின் பின்வரிசையில் ஒரு கல்யாணமே பேசி முடித்து, மாப்பிள்ளை வீட்டார் கோபித்துக்கொண்டும் போய்விட்டார்களாம். நம்பாதவர்கள் அந்த மாப்பிள்ளையைக் கேட்டுக்கொள்ளலாம்.

இப்படிச் செத்துச் செத்துத்தான் வீட்டை நடத்தினாள், மகளைப் படிக்க வைத்தாள். அவள் நடித்துவந்த ஸ்டூடியோவை வெளிநாட்டுக் கம்பெனி வாங்கியபோது மகளுக்கு அங்கேயே வேலையும் கிடைத்தது. “இனி உங்களுக்கென்னக்கா, ராஜயோகம்தான்” என்றார் மேக்கப்காரர்.

வீட்டில் டிவியிலும் செல்போனிலும் படம் பார்ப்பவர்கள் எந்த நிமிடத்தில் நிறுத்திவிட்டு எழுந்து போகிறார்கள் என்பது கம்பெனிக்கு அத்துப்படி. முதல் ஐந்து நிமிடத்தில் ஒரு சாவு விழுந்தால் ஒருவரும் எழுந்திருப்பதில்லையாம். ஹீரோவைக் கொல்ல முடியுமா? அம்மா தலையில் விடிந்தது. மாதக்கணக்கில் ஷூட்டிங் போனவளுக்குப் படத்துக்கு ஒரே ஒரு நாள்தான் வேலை என்றானது.

“என்ன தம்பி, பெத்த புள்ளைய இன்னும் சரியாப் பார்க்கக்கூட இல்ல, அதுக்குள்ள போகச் சொல்றியே” என்றாள் டைரக்டரிடம்.

“நான் என்னம்மா பண்றது? மேலிடத்து உத்தரவு.”

“சரி, நிம்மதியாச் சாகவாவது விடு.”

விட்டார். இந்தச் சாவைப் பார்த்தால் கம்பெனிக்காரர்களே மனம் மாறி முழுப்படத்துக்கும் கூப்பிடுவார்கள் என்பது அவள் போட்ட கணக்கு. கேமரா ஓடியதும் கைவரிசையைக் காட்டினாள். கண்ணை மூடினாள், திறந்தாள், மகனின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டாள், மறுபடி மூடினாள். லைட்மேன்கள் மூக்கை உறிஞ்சினார்கள். டைரக்டர் கட் சொல்லவே மறந்துபோனார். கடல் தாண்டி உட்கார்ந்து பார்த்தவர்கள் மட்டும் கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

அடுத்த படத்தில், கதை தொடங்குமுன்பே அம்மா செத்திருந்தாள். அந்தச் சேதியை வீட்டுக்குக் கொண்டுவந்தவள் மகள்.

“சுவத்துல மாட்ட உன் போட்டோ ஒன்னு வேணும்மா.”

“ஆளு குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன், போட்டோ எதுக்குடி?”

“கேரக்டரே அவ்வளவுதான். இதையே நான் சண்டை போட்டுத்தான் உனக்கு வாங்கினேன். இல்லன்னா எவளோ ஒருத்தியை மாட்டியிருப்பாங்க.”

“அந்தச் சண்டையில எனக்கு ஒரு வசனம் கிடைக்கலையா?”

மகள் செல்போனை எடுத்தாள். “கொஞ்சம் சிரி.”

“செத்தவ எதுக்குடி சிரிக்கணும்?”

“மூஞ்சி சோகமா இருந்தா ஜனங்க நிறுத்திடுவாங்களாம். சிரிம்மா, இன்னிக்கே அனுப்பணும். என் வேலையும் அங்கதான இருக்கு.”

அவள் சிரித்தாள். பல் தெரிய, ஒரே டேக்கில்.

மகள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். “கண்ணு மட்டும் சரியில்ல” என்றாள். “பரவால்ல, அதை அவங்க கம்ப்யூட்டர்ல மாத்திக்குவாங்க.”