ரங்கநாயகி அக்காவும் பால் ஊற்றிய பானையும்

ரங்கநாயகி அக்கா இறந்த செய்தி அப்பாவின் போனுக்குத்தான் வந்தது. நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். "அந்தப் பிள்ள போயிட்டாம். துறைமுக ரோட்டுல லாரி அடிச்சிட்டாம்" என்று சொல்லிவிட்டு அப்பா போனைக் கவிழ்த்து வைத்தார். அவர் ஒருநாளும் அப்படி வைத்ததில்லை. அந்த ரோட்டில் லாரி மோதிச் சாவது புதிதல்ல என்று எனக்கும் தெரியும். ஆனாலும் யார் பேசியது என்று அம்மா கேட்காததைக் கவனித்தேன்.

அக்காவோடு வேலை செய்த நீங்கள் பல ஊர்களில் இருக்கிறீர்கள். அவர் சோதனை முடிவுகளைப் போடும் பொது இணையப் பக்கத்தில் யார் வேண்டுமானாலும் எழுதலாம். அதனால் போர்வைக்குள் இருந்தபடி இதை எழுதுகிறேன். படிப்பவர்களில் அக்காவின் பேராசிரியருடைய ஆளும் இருக்கலாம்.

முத்தையாபுரத்தில் எங்கள் வீட்டு அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டும்போது ஒரு பழைய பானை கிடைத்தது. மண்வெட்டி பட்டு விளிம்பில் ஒரு சில்லு உடைந்தது. அம்மா அந்தச் சில்லை உதடு பதிய முத்தி செய்து மாதா படத்துக்குப் பின்னால் வைத்தாள். பானையைப் பார்க்க ஆழ்வார்திருநகரியிலிருந்து அக்கா வந்தார். பானையில் ஒட்டியிருக்கும் பழைய புரதத்தைச் சோதித்து, அந்தக் காலத்தில் என்ன சமைத்தார்கள் என்று கண்டுபிடிப்பது அவர் வேலை.

"நம்ம ஆளு இல்லளா. எதுக்கு நம்ம மண்ணக் கிண்டுதா?" என்று அம்மா என்னிடம் முணுமுணுத்தாள். அக்காவுக்குக் கேட்டுவிட்டது. "சந்தேகப்படுங்கக்கா, நல்லதுதான். நான் சொல்லுதேன்னு நம்பாதீய. எல்லாத்தையும் வெளிய போடுதேன், யாரும் பாக்கட்டும்" என்று சிரித்தார்.

சோதனையில் பால் வந்தது. முத்துக் குளித்த கரையில் அந்தக் காலத்திலேயே மாடு வளர்த்தார்கள் என்று அக்காவின் பேராசிரியர் பேட்டி கொடுத்தார். எங்கள் தெருவில் காட்சிக்கூடம் வரும், அப்பாவுக்கு அங்கே காவலாளி வேலை என்றார்கள். உப்பளத்தில் நின்று கால் புண்ணான அப்பா அன்று அல்வா வாங்கி வந்தார்.

அக்கா மட்டும் திரும்பி வந்தார். "பழைய புரதம்னா பழைய துணி மாதிரி இத்துப்போயிருக்கணும். இது கடையில எடுத்த புதுத்துணி மாதிரி இருக்கு. யாரும் பால் ஊத்துனீயளாக்கா?"

"மாதாவே, நாங்க தொடவே இல்ல" என்றாள் அம்மா.

நான் பஸ் நிறுத்தம் வரை ஓடிப்போய், பால் ஊற்றியது உண்மை என்று அக்காவிடம் சொன்னேன். அவர் என்னைப் பாராட்டவில்லை.

"நீயா பாத்தியா, யாரும் சொன்னாவளா?"

"நானே பாத்தேன்."

"எந்தக் கையால ஊத்துனாவ?"

"வலது கை. இடது இடுப்புல தம்பி இருந்தான்."

அக்கா எங்கள் பெயரைச் சொல்லாமல், பால் புதியது என்று எல்லா விவரங்களோடும் வெளியிட்டார். உங்களில் பலர் உங்கள் ஊர்களில் சரிபார்த்து, ஆமாம் என்றீர்கள். பானையின் அடியில் சுண்ணாம்பு போல் படிந்திருந்ததில் வேறொன்று இருந்தது. அது மீன், அதுதான் பழையது. அக்கா வந்து சொன்னபோது அம்மா, "மீனுன்னு சொல்லுததுக்கா இம்புட்டுப் படிச்சே?" என்றாள். அக்கா சிரித்த சிரிப்பில் தம்பி பயந்து அழுதான்.

பால் படுமுன்பே உடைந்த அந்தச் சில்லைப் பற்றியும் அக்காவிடம் சொன்னேன். அடுத்த வாரம் எடுத்துக்கொள்வதாகச் சொல்லிப் போனார். அதற்குள் லாரி.

இன்று பேராசிரியரின் பெயரைச் சொல்லி இரண்டு பேர் வந்தார்கள். யாரும் பால் ஊற்றவில்லை என்று நாளை கேமராவில் சொன்னால் போதும் என்றார்கள். "பாப்பாவும் பக்கத்துல நிக்கட்டும். அந்தப் பொண்ணு ஒங்கிட்ட எதுவும் குடுத்துச்சா பாப்பா?" நான் தலையாட்டி இல்லை என்றேன். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதை அவர்கள் படித்தபின் அப்பாவுக்குச் சொன்ன காவலாளி வேலை போய்விடும். எனக்கு அடி விழும். ஆனால் அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது 'நீயா பாத்தியா?' என்ற கேள்விதான். அதற்கு வேறு பதில் என்னிடம் இல்லை. வீடு நல்லபடி எழும்ப வேண்டும் என்று அம்மா பால் ஊற்றினாள். நான் பார்த்தேன்.

நான் சொல்கிறேன் என்று நம்பாதீர்கள். சில்லு இப்போது என் பள்ளிப்பையில் இருக்கிறது. வெவ்வேறு ஊரிலிருந்து இரண்டு பேராக வாருங்கள், ஆளுக்குப் பாதி தருகிறேன். ஒருவர் மட்டும் வந்தால் தரமாட்டேன். அதில் என் அம்மாவின் எச்சில் இருக்கும். பால் இருக்காது.