சோத்துக்கைப் பக்கம்

அதைத்தான் சொல்ல வருகிறேன் மைமூன், பிரேக் இன்ஸ்பெக்டர் காரை விட்டு இறங்கி நேராக என்னிடம்தான் வந்தார். வண்டி ஓட்டுகிறவர்களுக்குப் பரீட்சை வைத்து லைசென்ஸ் கொடுக்கிறவருக்கு இங்கே அப்படித்தான் பெயர். அவர் வரும்போது நான் மஞ்சக்குப்பத்தில் நாலு ரோடு கூடுகிற இடத்தில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்கிறேன். தலைத்துணி தோளில் கிடக்கிறது. இந்த இடத்தில் சபியா எழுதாமல் சிரிக்கிறாள். எனக்கு எழுத்து வராது என்பது உனக்குத் தெரியுமே, நான் சொல்லச் சொல்ல மருமகள்தான் எழுதுகிறாள். இதை அங்கே சைகோனில் நம் ஆட்கள் எல்லோருக்கும் படித்துக் காட்டு. ஊர் திரும்ப மூட்டை கட்டுகிறவர்களுக்கு உபயோகப்படும்.

முதலில் இருந்து சொல்கிறேன். கடலூருக்கு வந்த முதல் வாரமே மூன்று தடவை நான் வண்டியில் அடிபடப் பார்த்தேன். சைகோனில் வண்டிகள் வலப்பக்கம் போகும், இங்கே இடப்பக்கம். வாசல் இறங்கியதும் அங்கே எந்தப் பக்கம் பார்ப்போமோ அந்தப் பக்கம் பார்க்கிறேன், காலியாக இருக்கிறது, காலை வைக்கிறேன், மறுபக்கத்திலிருந்து சைக்கிள்காரன் மணியடித்துக்கொண்டு மேலேயே வருகிறான். நான் பிறந்தது இதோ பக்கத்தில், பரங்கிப்பேட்டையில். ஆனால் சின்னப் பெண்ணாக இருந்தபோது இங்கே ரோட்டில் ஓடியது மாட்டு வண்டிதான், மாடு எந்தப் பக்கம் போகிறதோ அதுதான் பக்கம். கல்யாணமாகிக் கப்பல் ஏறி முப்பது வருஷம் சைகோனில் குடித்தனம் பண்ணிய பிறகு, கழுத்து அந்த ஊருக்கே பழகிவிட்டது.

என் கழுத்து போகட்டும், வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறவள். மகன் யூசுப்பின் கையும் அப்படியே பழகியிருந்ததுதான் வினை. அங்கே ஜவுளிக்கடை வேன் ஓட்டியவன், வேறு தொழில் தெரியாது. பண்ருட்டியில் முந்திரி வியாபாரம் செய்கிற ஒருவர், லைசென்ஸைக் காட்டினால் மறுநாளே சாவி தருகிறேன் என்று சொல்லியிருந்தார். முதல் பரீட்சைக்குப் போனான். ஆபீஸ் கேட்டை விட்டு வெளியே வந்ததும் வலப்பக்கம் ஏறிவிட்டான், எதிரே பஸ். பஸ் டிரைவர் சொன்னதை எழுத வேண்டாம் சபியா. இன்ஸ்பெக்டர் மட்டும் நிதானமாகக் கேட்டாராம், "ஏம்பா, நீ எந்த ஊருக்குப் போறே? கடலூருக்கு இந்தப் பக்கம்."

வீட்டுக்கு வந்தவன் சாப்பிடவில்லை. "இன்னொரு தடவை ஃபெயிலானா நான் சைகோனுக்கே திரும்பிடறேன் உம்மா. அங்க என் வேன் எனக்காக நிக்குது" என்றான்.

அன்றைக்கு மத்தியானம்தான் உன் கடிதம் வந்திருந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் குண்டு விழுகிற சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி ஆடுகிறது, காகிதம் ஒட்டி வைத்திருக்கிறோம் என்று நீ எழுதியிருந்தாய். சபியா அதை எனக்குப் படித்துக் காட்டிவிட்டு மடித்து அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தாள். அவன் போகக் கூடாது. அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்தது.

மறுநாள் நான் அவனை உட்கார வைத்துக் கேட்டேன், "எங்கடா தப்புது உனக்கு?"

"இடதுன்னு மனசுல சொல்லிக்கிட்டுதான் ஓட்டறேன். திருப்பம் வந்தா கை தானா வலதுக்குப் போவுது."

"அப்ப வலது இடதுன்னே சொல்லாத. அது பள்ளிக்கூடத்துப் பேச்சு. சோறு திங்கிற கை எதுன்னு உனக்கு மறந்துடுமா? சைகோனு சோத்துக்கைப் பக்கம். கடலூரு பீச்சாங்கைப் பக்கம். அவ்ளோதான்."

சபியா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் அது பிடித்துக்கொண்டது, மைமூன். ஒரு வாரத்தில் அவன் திருப்பம் தவறுவது நின்றுவிட்டது.

இன்னொன்று இருந்தது. அவன் அங்கே வண்டி பழகிய காலத்தில் தூக்கத்தில்கூட "பிரியோரித்தே, பிரியோரித்தே" என்று முணுமுணுப்பான். எவளோ வெள்ளைக்காரப் பெண் என்று நான் பயந்து உன்னிடம் வந்து அழுதேனே, நினைவிருக்கிறதா? பிறகுதான் தெரிந்தது, விளக்கும் போலீஸும் இல்லாத முச்சந்தி நாற்சந்திகளில் வலப்பக்கத்திலிருந்து வருகிறவனுக்கு முதல் வழி என்கிற சட்டமாம் அது. வருவது ஆள் மிதிக்கிற சிக்லோ ரிக்‌ஷாவாக இருந்தாலும் பெரிய கார் நிற்க வேண்டும். இந்தப் பழக்கத்தையும் இங்கே மறக்க வேண்டுமே என்று கவலைப்பட்டோம். சபியா இங்கத்திய சட்டப் புத்தகத்தை வாங்கிவரச் சொல்லிப் புரட்டினாள். "மாமி, இங்கயும் அதேதான் போட்டிருக்கு. வலப்பக்கம் வர்றவங்களுக்குத்தான் வழி" என்றாள். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். கடல் தாண்டி வந்தும் ஒரு விஷயமாவது இடம் மாறாமல் இருக்கிறதே. யூசுப்பிடம் சொன்னேன், "சோத்துக்கைப் பக்கம் வர்றவன் விருந்தாளி. அவனுக்குத்தான் முதல் பந்தி."

புத்தகத்தில் இருப்பது ரோட்டில் இல்லை என்பது சிதம்பரம் போனபோதுதான் தெரிந்தது. முந்திரிக்காரர் பழகுவதற்குத் தன் பழைய காரைக் கொடுத்திருந்தார். நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். தேர் ஓடுகிற வீதிகளை நீ பார்க்க வேண்டும், அவ்வளவு அகலம். கீழவீதி மூலையில் சோத்துக்கைப் பக்கமாக ஒரு வைக்கோல் வண்டி வந்தது. யூசுப் காரை நிறுத்தினான். கார் நிற்பதைப் பார்த்து வைக்கோல்காரரும் மாட்டை இழுத்துப் பிடித்தார்.

"போ பாய்."

"நீங்க போங்க."

"எனக்கு இன்னா அவசரம், நீ போ."

இப்படியே இருக்கும்போது கார் திடீரென்று தானாக நகர்ந்தது. திரும்பிப் பார்த்தால், டீக்கடையிலிருந்து நாலு பேர் எழுந்து வந்து தள்ளுகிறார்கள். யூசுப் பிரேக்கை அழுத்தினான், அவர்கள் இன்னும் மூச்சுப் பிடித்துத் தள்ளினார்கள். "பிரேக்க எடு பாய், கியர்ல போடு, புடிச்சுக்கும்." மாட்டின் மூக்குக்கு நேராகக் கொண்டுபோய் விட்டுவிட்டு, வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "ரிப்பேர் வண்டில வயசானவங்கள ஏத்திக்கினு வர்றீயே" என்று அவனைக் கடிந்துகொண்டார்கள்.

சைகோனில் வண்டி நிஜமாகவே கெட்டு நின்றால்கூட எல்லோரும் சுற்றிக்கொண்டு போவார்கள், ஒருவரும் தொடமாட்டார்கள். இங்கே ஒரு வண்டி மூலையில் நிற்கிறதென்றால் அது கெட்டுப்போன வண்டி. கெட்டுப்போன வண்டியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க இந்த மனிதர்களுக்கு மனசு வராது. திரும்பி வருவதற்குள் இன்னும் இரண்டு இடத்தில் தள்ளினார்கள். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. யூசுப் சிரிக்கவில்லை. "இன்ஸ்பெக்டர் பக்கத்துல உக்காந்திருக்கப்ப தள்ளினா என்னா பண்றது உம்மா?" என்றான். என் சிரிப்பும் நின்றது. நிற்காமல் போனால் சட்டம் தப்பு, நின்றால் ஊர் விடாது.

அதனால்தான் பரீட்சை அன்று காலையில், பரீட்சைக் கார் போகிற வழியில் இருக்கிற அந்த மஞ்சக்குப்பம் நாற்சந்திக்கு நான் போனேன். அந்த நாற்சந்தியில் போலீஸ் கிடையாது. ஓரமாகச் சைக்கிள் கடை ஒன்று, கடைக்காரரும் அவர் மச்சானும் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் தோளைப் பார்த்ததுமே, தள்ளுகிற ஆட்கள் என்று தெரிந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் கார் வந்தது, பீச்சாங்கைப் பக்கமாக, ஒழுங்காக. சோத்துக்கைப் பக்கம் பலாப்பழம் ஏற்றிய தள்ளுவண்டி. யூசுப் நிறுத்தினான். சைக்கிள் கடைக்காரர் கையிலிருந்த டியூபைப் போட்டுவிட்டு எழுந்தார். நான் நடுவில் போய்க் கையை விரித்தேன்.

"தள்ளாதீங்க. வண்டி நல்லாத்தான் இருக்கு."

"பின்ன ஏன் பாயம்மா நிக்குது?"

"வழி வுட்டிருக்கான்."

"யாருக்கு?"

"பலாப்பழத்துக்கு."

அவர் மச்சானைப் பார்த்தார். மச்சான் பலாப்பழத்தைப் பார்த்தார். தள்ளுவண்டிக்காரர் கூசிப்போய் நின்றுவிட்டார். "எனக்கா? வாணாங்க, கார் போவட்டும்." நான் அவரிடம் கெஞ்சினேன், "நீ போனாத்தாம்ப்பா எம் புள்ளைக்கு லைசென்சு. அவன் கப்பலேறாம இருக்கறது உன் கையில இருக்கு. போ." அவருக்கு என்ன புரிந்ததோ, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மாப்பிள்ளை ஊர்வலத்தில் போகிறவர் மாதிரி மெதுவாக, காருக்கு முன்னால் பழத்தைத் தள்ளிக்கொண்டு போனார்.

அப்போதுதான் இன்ஸ்பெக்டர் இறங்கினார்.

"யாரும்மா நீ? இங்க என்னா பண்றே?"

"அவன் உம்மாங்க. ஒண்ணும் பண்ணல. யாரும் தள்ளாம பாத்துக்கறேன்."

அவர் சைக்கிள் கடைக்காரர்களைப் பார்த்தார், அவர்கள் கையைக் கட்டிக்கொண்டார்கள். காருக்குள் குனிந்து கேட்டார், "ஏன் நிறுத்தினே?"

வலப்பக்கம் வந்த வண்டிக்கு வழி விட்டேன் என்று சொல்ல வேண்டும். சபியா பத்து நாளாகச் சொல்லிக் கொடுத்திருந்தாள். யூசுப் வாயில் அது வரவில்லை. "சோத்துக்கைப் பக்கம் வந்தாருங்க" என்றான்.

மச்சான் சிரித்துவிட்டார். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. மீசை மட்டும் அசைந்தது. "புத்தகத்த ஒப்பிச்சவன் எத்தினியோ பேரு. இந்த எடத்துல நின்னவன் நீதாம்பா" என்றார். கதவைச் சாத்திக்கொண்டு, "எடு. பீச்சாங்கைப் பக்கமாவே போ" என்றார்.

லைசென்ஸ் வந்துவிட்டது. நாள் தவறாமல் பண்ருட்டிக்கும் கடலூருக்கும் ஓட்டுகிறான். அந்த நாற்சந்தியில் அவன் நின்றால், "பாய் வழி வுடறாருடா, வுடு" என்று சைக்கிள் கடையிலிருந்தே குரல் வருகிறதாம். சைகோன் வேனைப் பற்றி அவன் இப்போது பேசுவதில்லை.

என் கழுத்துதான் திருந்தவில்லை. எல்லோருக்கும் வழி சொன்னவள், வாசல் இறங்கினால் இன்னும் முதலில் பீச்சாங்கைப் பக்கம்தான் பார்க்கிறேன். அங்கே வண்டி வருகிற பக்கம் அது. உன் வீட்டுக் கதவும் அந்தப் பக்கம்தானே இருந்தது. இங்கே அந்தப் பக்கம் உப்புக் கிடங்குச் சுவர். அதைப் பார்த்துவிட்டுத்தான் மறுபக்கம் திரும்புகிறேன், அதற்குள் ஒரு சைக்கிள் போய்விடுகிறது.

சபியா, பேனாவை மூடு, குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. எதிர்வீட்டுக்காரி குடத்தோடு சோத்துக்கைப் பக்கமாக வருகிறாள், இனி அவளுக்கு வழி விட்டுவிட்டுத்தான் நான்—